ஒரு பால்ரஸ் மிச்சம்

வண்டியின் பாகங்களையெல்லாம் பூட்டி முடித்த பிறகுதான் கொசுறு அதைப் பார்த்தாள். தரையில் விரித்திருந்த செய்தித்தாளின் மடிப்புக்குள், பட்டாணி அளவில் ஒரு புது இரும்புக் குண்டு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"அப்பா, ஒரு பால்ரஸ் மிச்சம்!"

மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டிருந்த அப்பா திரும்பினார். அவர் மூக்கு நுனியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து அக்காவும் தங்கையும் அதை அவரிடம் சொல்லவே இல்லை. பார்த்துச் சிரிக்க வேறு என்ன இருந்தது அந்த வீட்டில்?

"கடைக்காரர் கொசுறா ஒண்ணு போட்டுக் குடுத்திருப்பாரு. உன்னை மாதிரி," என்றார் அப்பா.

அக்கா பிறந்து பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். பத்து வயதாகியும் அது அவளை விடவில்லை.

அன்று மூன்று மணிக்கு அக்காவுக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு. திங்கட்கிழமை முதல் ஓர் ஆய்வகத்தில் வேலை. வண்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். உரிமம் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

போன மாதத் தேர்வில் அக்கா தோற்றுவிட்டாள். எட்டு வடிவக் கோட்டில் மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடி, அவள் காலை ஊன்றிவிட்டாள். "எனக்கு வண்டியே ஓட்ட வராது" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் கொசுறுதான். ஒரு நாள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே 'டுர்ர்ர்' என்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள். கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் நட்டநடுவில் 'டக்' என்று அது சிக்கிக்கொண்டது.

"அக்கா, தப்பு உன்மேல இல்ல. வண்டிக்குத்தான் கழுத்து சுளுக்கு!"

அவள் சொன்னது சரிதான். கைப்பிடி திரும்பும் இடத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு. அவற்றின் மேல் வரிசையாகப் பால்ரஸ் குண்டுகள் உருளும். வருடக்கணக்கில் ஓடியதில் குண்டுகள் அழுந்தி, வளையங்களில் பள்ளம் விழுந்திருந்தது. குண்டுகள் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்ததால்தான் கைப்பிடி சிக்கியது. வளையங்களும் குண்டுகளும் சேர்ந்த புது 'கோன் செட்' வாங்கி மாட்ட வேண்டும்.

"நானே மாட்டிடறேன். என்ன பெரிய வித்தை?" என்றார் அப்பா. அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. இன்ஜினுக்கு அடியில் மரப்பெட்டியை முட்டுக்கொடுத்து, முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றினார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கீழே இறக்கியதும் பழைய குண்டுகள் பொலபொலவென்று கொட்டி, அலமாரிக்கு அடியிலும் செருப்புகளுக்குள்ளும் ஓடி ஒளிந்தன. அப்பா அவற்றை எண்ணவில்லை. புதிய குண்டுகளும் ஒரே கவரில் மொத்தமாக வந்திருந்தன. அவற்றையும் எண்ணவில்லை.

கிண்ணம் போன்ற புது வளையங்கள் இரவு முழுவதும் ஐஸ் பெட்டியில் இருந்தன. குளிரில் துளி சுருங்கினால் வண்டிக்குள் சுலபமாக இறங்குமாம். அப்பா மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டியதும் உண்மையாகவே இறங்கின. அப்புறம் கிரீஸைத் தடவி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டவைத்தார்கள். மேலே கொசுறு வைத்தாள். கீழே அப்பா வைத்தார்.

இப்போது மணி பன்னிரண்டரை. கைப்பிடி வெண்ணெய் போலத் திரும்புகிறது. கையில் ஒரு குண்டு மிச்சம்.

"மேல நான் பத்தொன்பது வச்சேன். கீழ நீங்க எத்தனை வச்சீங்கப்பா?"

"பதினெட்டு. நடுவுல ஹெட்மாஸ்டர் போன் பண்ணாரு. ஆனா இடம் நிறைஞ்சுதான் இருந்துச்சு."

"குண்டு நிறைஞ்சிருந்துச்சா, கிரீஸ் நிறைஞ்சிருந்துச்சா?"

அப்பா மூக்கைச் சொறிந்தார். கிரீஸ் கன்னம் வரை பரவியது.

"மேல கீழ ஒரே எண்ணிக்கையாத்தான் இருக்கணும்னு ஒண்ணும் இல்லம்மா. சில வண்டியில மாறும்."

"அதான் நல்லா திரும்புதே, விடேன்டி," என்றாள் அக்கா. "மறுபடியும் பிரிச்சா மூணு மணிக்குள்ள முடியுமா? இன்னைக்கும் போகலைன்னா வேலையே போச்சு."

கொசுறுக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் குண்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எட்டு போட்டுடுவக்கா. திங்கக்கிழமையிலேருந்து தினமும் இதுலதானே ரோட்டுல போகப்போற? அப்போ உள்ள இருக்கிற குண்டுங்க இடம் மாறி, கைப்பிடி மாட்டிக்கிச்சுன்னா?"

அப்பா கைப்பிடியை ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

"கீழ பத்தொன்பதுதான்னு நிரூபி," என்றார் அப்பா. வகுப்பில் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை அது. "நிரூபிச்சா பிரிக்கலாம்."

எதை வைத்து நிரூபிப்பது? பழைய குண்டுகளில் பாதி அலமாரிக்கு அடியில் கிடந்தன. கொசுறு சுற்றுமுற்றும் பார்த்தாள். குப்பைக்கூடை ஓரத்தில், வளையல் போலப் பழைய வளையங்கள் இரண்டும் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தாள். விரலால் தடவியதும் பள்ளங்கள் வரிசையாகத் தட்டுப்பட்டன, ஒரு குண்டுக்கு ஒரு பள்ளம். அவள் முகம் மலர்ந்தது.

அறைக்கு ஓடிப்போய்ப் பள்ளிப் பையிலிருந்து பச்சை நிறக் களிமண்ணை எடுத்து வந்தாள். அதை நாடா போல உருட்டி, மேலே இருந்த பழைய வளையத்தைச் சுற்றி அழுத்தி, மெதுவாகப் பிரித்தெடுத்தாள். வளையத்தில் பள்ளமாக இருந்ததெல்லாம் களிமண்ணில் மேடாக வந்திருந்தது. சில மேடுகள் நன்றாகத் தெரிந்தன, சில மங்கல்.

"எண்ணுங்கப்பா."

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணினார். "பத்தொன்பது."

"மேல நான் வச்சதும் பத்தொன்பது. அப்போ இந்த வழி சரிதானே? இப்ப கீழ் வளையம்."

களிமண்ணை மறுபடி உருட்டினாள், சுற்றினாள், அழுத்தினாள். அப்பா எண்ணினார். முடித்துவிட்டு இன்னொரு முறை எண்ணினார். அக்காவும் எட்டிப் பார்த்து, உதடு அசைய எண்ணினாள்.

"பத்தொன்பது," என்றாள் அக்கா. ஸ்பானரைக் கையில் எடுத்தவளும் அவள்தான். "வாங்கப்பா, பிரிக்கலாம்."

காலையில் ஐந்தரை மணி நேரம் எடுத்த வேலை இப்போது ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது. எந்த நட்டு எங்கே என்று மூவருக்கும் அத்துப்படி ஆகியிருந்தது. ஃபோர்க்கை இறக்கி, கீழே இருந்த கிரீஸை அப்பா விரலால் வழித்தார். குண்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி. சரியாக ஒரு குண்டு அளவு.

"அடேயப்பா!" என்றார் அப்பா. "இதோடவா உன்னை அனுப்ப இருந்தேன்?"

கொசுறு சின்ன விரலால் அந்தக் குண்டை அதன் இடத்தில் வைத்தாள். அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சு போல அது அவ்வளவு நீளமாக இருந்தது.

இரண்டரை மணிக்கு அப்பா தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "கழுத்து சுளுக்கு போயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே வந்தார். தேர்வு மைதானம் நான்கு தெரு தள்ளிதான் இருந்தது. மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

அக்கா எட்டுக் கோட்டில் நுழைந்தபோது கொசுறு கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன ஆச்சுப்பா?"

"முதல் வளைவு முடிஞ்சது."

"கால்?"

"மேலதான் இருக்கு... நடுவுல வந்துட்டா... திரும்பறா... ஏய், கண்ணைத் திறடி, முடிஞ்சு போச்சு!"

கொசுறு கண்ணைத் திறந்தாள். அக்கா கோட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். தேர்வு அதிகாரி ஒரு தாளில் முத்திரை குத்தி அவளிடம் நீட்டினார். அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சார், மூஞ்சி பூரா கிரீஸ்," என்றார்.

"காலையிலேருந்தா?" என்று அப்பா திடுக்கிட்டு மகள்களைப் பார்த்தார். இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

அக்கா ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். "திங்கக்கிழமை தைரியமா போவேன்டி," என்றாள். பிறகு வண்டியில் மாட்டியிருந்த இன்னொரு தலைக்கவசத்தை எடுத்து அவள் தலையில் மாட்டி, நாடாவை இழுத்துப் பூட்டினாள். "ஏறு. முதல் சவாரி உனக்குத்தான்."

"அப்போ நான்?" என்றார் அப்பா.

வண்டி 'டக்' இல்லாமல் வளைந்து திரும்பியது. பின்சீட்டிலிருந்து கொசுறு கத்தினாள்:

"நீங்க நடந்து வாங்கப்பா! எத்தனை அடின்னு மட்டும் மறக்காம எண்ணிட்டு வாங்க!"