மலையம்மாளின் படபடப்பு

மழை தூறினால் போதும், மலையம்மாளுக்குத் திருவாதவூர் வயலும் அந்த நடவு நாளும் ஞாபகத்துக்கு வந்துவிடும். எத்தனை வருஷம் ஆனால் என்ன... யுத்தம் வருவதற்கு முந்தைய அந்த ஐப்பசி, மனசில் இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது.

நடவு வயலைத் தாண்டிப் போகிற அயலூர்க்காரனை மறித்து, காலடியில் நாற்றுக் கட்டான முடியை வைத்து, வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கேட்பது அங்கே வழக்கம். அன்று வரப்பில் வந்தவன், தான் வேலை செய்யும் பண்ணைக்கு உழவு மாடு பார்க்க வந்திருந்த அலங்காநல்லூர்க் கூலிக்காரன் அழகுமலை. வாட்டசாட்டமான ஆளைப் பார்த்ததும் பெண்கள் மலையம்மாளைக் கிளப்பிவிட்டார்கள்.

அவளுக்கோ எழுந்து நின்றாலே நெஞ்சு தடதடக்கும், கண் இருட்டும். போதாக்குறைக்குப் பிறவியிலேயே மூட்டெல்லாம் தளர்வு. கொஞ்சம் அசந்தால் இடம் பெயர்ந்துவிடும். அதனால்தான் அவளை உட்கார்ந்து நாற்றை முடியாகக் கட்ட விட்டிருந்தார்கள். ஆனால் அவனுடைய அந்தக் கண்கள்... சிரிப்பை அடக்கத் தெரியாத அந்தக் கண்களைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டுவிட்டாள்.

ஓடினாள். முடியை வைத்தாள். நிமிர்ந்தாள்... அவ்வளவுதான், சேற்றில் சரிந்தாள். பதறிப்போன அழகுமலை அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். தோள்மூட்டு கழன்றுகொண்டது.

"இப்புடி இழுக்குறதுக்கு நான் என்ன சகதியில மாட்டுன வண்டியாய்யா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவளே தோளைச் சரிசெய்தாள். அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. அம்மாவுக்கு வாங்கிய கருப்பட்டி முழுவதையும் அவள் மடியில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான்.

பிறகு திருவாதவூரில் அவனுக்கு அடிக்கடி வேலை முளைத்தது. வைக்கோல் விலை கேட்க வந்தான். தொலைந்தே போகாத கன்றைத் தேடி வந்தான்... ஊரே வாய்க்குள் சிரித்தது. தை பிறந்ததும் பெண் கேட்டு ஆள் அனுப்பினான்.

மலையம்மாள் மாட்டேன் என்றுவிட்டாள். கூலி வேலைதான் சோறு. வயலில் நிற்க முடியாதவளை இன்றைக்குப் பாவம் பார்த்துக் கட்டுவான், நாளைக்குச் சுமை என்பான். அந்தச் சொல்லைக் கேட்பதைவிட ஆசையை விழுங்கிவிடுவதே மேல் என்று நினைத்தாள். விழுங்க முடியாமல் அழுதது வேறு விஷயம்.

சேதி போன மறுநாளே, கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருந்தவளைத் தேடி அழகுமலை வந்தான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"பாவம் பாக்க வரலை புள்ள. நீ விழுந்தா நான் என்ன செய்யணும்... அதைக் கேக்கத்தான் வந்தேன். அன்னிக்குத் தெரியாம இழுத்துப்புட்டேன்."

அவள் விழுவதைப் பார்த்துப் பேய் என்று சொன்னார்கள், வேலைக்கள்ளி என்று சொன்னார்கள். இதை மட்டும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. மெல்லச் சொன்னாள். கையைப் பிடிக்கக் கூடாது, படுக்கவிட்டுக் காலை உயர்த்தி வைக்கவேண்டும், உப்புப் போட்ட நீராகாரம் தரவேண்டும், அவசரப்படுத்தவே கூடாது. அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். எந்திரிக்கவே முடியாத நாளில் என்ன செய்வதாம் என்று விடாமல் கேட்டாள்.

"உக்காந்து செய்யுறதை நீ செய்யி. நின்னு செய்யுறதை நான் செய்யுறேன். எதுவும் முடியாத அன்னிக்குச் சும்மா இரு. அதுக்காக நம்ம சோத்துப்பானை கவுந்திராது."

மலையம்மாள் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தாள். அவன் அரண்டுபோனான். கண் இருட்டுகிறதா என்று கேட்டு, அவள் காலுக்கு முட்டுக்கொடுக்கக் கல்லைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

"இருட்டலை... எந்திரிச்சாத்தான் எனக்கு நெஞ்சு இம்புட்டு அடிக்கும். இன்னிக்கு உக்காந்தேதான் இருக்கேன்... உங்களைப் பாத்துக்கிட்டு. என்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."