ஒரு சிட்டிகை வீர மண்

"மண்ணுக்காக உயிரைக் கொடுத்தவனை அந்த மண் ஒருநாளும் மறப்பதில்லை!"

சந்திரசேகரன் சார் பஸ் மைக்கில் இப்படி முழங்கிய அதே நொடியில், பின் சீட்டில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காலையில் தின்ற பூரியையும் கிழங்கையும் முன்னால் இருந்தவனின் முதுகில் கக்கினான். பஸ் முழுக்கப் புளித்த நாற்றம் பரவியது. சார் மூக்கைப் பிடித்துக்கொண்டாரே தவிர மைக்கை விடவில்லை. சந்தாபுராவில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் சமூக அறிவியல். பிள்ளைகள் வைத்த பெயர் ரேடியோ.

பஸ்ஸின் நெற்றியில் 'தலைநகர் தரிசனம்' என்று பேனர் கட்டியிருந்தது. தலைநகரம் சந்தாபுராவிலிருந்து கூப்பிடு தூரம்தான்; சில்க் போர்டு சிக்னல் மனசு வைத்தால் ஒரு மணி நேரம். காலையில் மியூசியம். அங்கே பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது லிஃப்ட். பிறகு சட்டசபைக் கட்டடமான விதான சௌதா, ஜன்னல் வழியாக. கடைசியாக, அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் வீரவணக்க மண்டபம். சாருக்கு முக்கியம் அதுதான். அங்கே பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பதை வீடியோ பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார் கரஸ்பாண்டென்ட் அலர்மேல்மங்கை மேடம். ஜூன் மாதத்திலிருந்து வைஸ் பிரின்சிபால் நாற்காலி காலி. வீடியோ நன்றாக வந்தால் அதில் யார் உட்காருவார் என்பதை மேடம் வாயைத் திறந்து சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான்.

"உள்ள போனதும் நான் என்ன செய்யறேனோ அதையே அப்படியே செய்யணும். புரிஞ்சுதா?" என்றார் பிள்ளைகளிடம்.

"எஸ் சார்!"

மண்டபத்து வாசலில் டிரஸ்ட் செகரட்டரி சேஷகிரி நின்றிருந்தார். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர், கஞ்சி போட்ட வேட்டி. "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல், "செருப்பு, ஷூ, சாக்ஸ் எல்லாம் வெளியில. இது கோயில் மாதிரி" என்றார் தமிழில். சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் அவர் இப்படி விழுங்குவதைக் கண்ட சந்திரசேகரன், தேசபக்தியில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மேடையில் தானும் அப்படி விழுங்கிப் பார்க்கலாம்.

உள்ளே போர்வீரர்களின் படங்களை விட, மண்டபத்தைத் திறந்துவைத்தவர்களின் படங்கள்தான் அதிகம். மூலையில் ஒரு பீரங்கி, ஃபைபரில் வார்த்தது. தட்டினால் பிளாஸ்டிக் குடம் மாதிரிச் சத்தம் வந்தது. மார்பிள் தரை வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்க வேண்டியது. அங்கே அது பேருந்தில் யாரோ எழுந்துபோன சீட்டைப் போல ஒரு வெதுவெதுப்போடு, உள்ளங்காலில் லேசாக ஒட்டி ஒட்டி விட்டது. நடுவில் பீடம், பீடத்தில் ஒரு மண்பானை, பானையைச் சுற்றிச் சிவப்புப் பட்டு. அந்தப் பட்டின் கீழ் ஓரம் நனைந்து கறுத்து, சொட்டுச் சொட்டாகப் பீடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அபிஷேகம் பண்ணீங்களா சார்?"

"சே சே. தண்ணியே காட்டறதில்ல." சேஷகிரி விழுங்கினார். "எல்லாப் போர்முனையிலிருந்தும் வந்த மண்ணு. வர்றவங்களுக்கெல்லாம் குடுக்கறோம். எத்தனை வருஷமா குடுத்தும் குறையறதே இல்ல."

"எப்படி சார்?"

"அதான் மகிமை."

பக்கத்தில் நின்ற மரியா மிஸ், இங்கிலீஷ் டீச்சர், ஜீவனஹள்ளிக்காரி, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். "இன்னா சார் இது, கறிக்கடை கழுவுன தண்ணி மாதிரி நாறுது" என்று கிசுகிசுத்தாள். சந்திரசேகரன் அவளை முறைத்தார். அவருக்கும் அந்த வாடை வந்திருந்தது. தியாகத்தின் வாடை என்று பேச்சில் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக் கரண்டியால் சேஷகிரி மண்ணை அள்ளினார். சந்திரசேகரன் இடதுகையின் மேல் வலதுகையைக் குவித்து, குனிந்து, கோயிலில் வாங்குவதுபோல வாங்கினார். உள்ளங்கையில் விழுந்த மண் கறுப்பாக, பிசுபிசுவென்று, உயிருள்ள உடம்பின் சூட்டில் இருந்தது. மோதிரவிரலால் எடுத்து நெற்றியில் இட்டார். கேமரா ஓடியது. மிச்சம் கொஞ்சம் கையில் இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து விபூதி வாங்கினால் அந்தக் கை என்ன செய்யுமோ, அதையே செய்தது. நெற்றிக்கு இட்டதுபோக ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டது.

"அய்யோ, துன்னுட்டீங்களா?" என்றாள் மரியா.

"பழக்க தோஷம் மிஸ்."

"பின்னாடி பாருங்க சார்."

திரும்பிப் பார்த்தார். சார் செய்வதை அப்படியே செய்யச் சொன்ன பிள்ளைகள், சார் செய்ததை அப்படியே செய்துகொண்டிருந்தார்கள். கையை நீட்டி, நெற்றியில் இட்டு, வாயில். கையை நீட்டி, நெற்றியில் இட்டு, வாயில். மரியா மட்டும் டிஷ்யூவில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

முதலில் உப்புக் கரித்தது. பிறகு இரும்புச் சுவை, உதடு கிழிந்தால் வருமே, அது. பிறகு ஈறுகளுக்கும் கன்னத்துக்கும் நடுவில், நாக்கு எட்டாத இடங்களில் எல்லாம், மழைக்காலத்தில் உலராத கோணிச்சாக்கின் நாற்றத்தோடு அது மெல்ல மெல்லப் பரவி உட்கார்ந்தது. துப்ப வேண்டும். எங்கே துப்புவது? வீரர்களின் மண்ணை, வீரர்களின் மண்டபத்தில், கேமராவுக்கு முன்னால்? விழுங்கினார். வாய் காலியானது. மைக்கை வாங்கி, "இந்தப் புனித மண்ணின் மீது ஆணையாக" என்று தொடங்கினார். 'ஆணையாக' முடிவதற்குள் வாய் மறுபடி நிறைந்திருந்தது.

விழுங்கினார். அடுத்த வரி. விழுங்கினார். மூன்றாவது தடவை நாக்கில் நீளமாக ஒரு மயிர் சுற்றியது. நான்காவதில் ஏதோ மெல்லிய, கெட்டியான, வளைந்த ஒன்று, வெட்டிப்போட்ட நகம்போல. சாரின் கண்ணில் நீர் முட்டியது. வீடியோவில் அது பிரமாதமாக விழுந்தது. பிள்ளைகள் உறுதிமொழியைத் திருப்பிச் சொன்ன குரல் கொழகொழவென்று, கஞ்சி கொதிப்பதுபோல இருந்தது. பீடத்துக்குப் பின்னால் சேஷகிரி அவரைப் பார்த்து, விழுங்கிக்கொண்டே, ரொம்ப நாள் கழித்து உறவுக்காரரைக் கண்டவர் மாதிரிப் புன்னகைத்தார். பல் இடுக்கெல்லாம் கறுப்பு.

ஊர் திரும்பும் பஸ் எப்படி இருக்கும் என்று வாத்தியார்களுக்குத் தெரியும். பாட்டு, கூச்சல், யாராவது யாரையாவது அடிப்பது. இந்த பஸ்ஸில் சத்தமே இல்லை. ஹோசூர் ரோட்டில் மாலை வெயில் சரிந்து விழ, சில்க் போர்டில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கெல்லாம் அடியில், பஸ்ஸுக்குள்ளிருந்தே, சரக், சரக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அரிசியில் கல் கடிபடும் சத்தம். ஒரு வாய் இல்லை. எல்லா வாயும்.

சந்திரசேகரன் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளில் ஒருவன், தருண், எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டான்.

வாயைத் திறந்து காட்டினான்.

உதடு வரைக்கும் மண். ஈரமாக, பளபளவென்று. நடுவில் வெள்ளையாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பல். பெரிய ஆளின் கடைவாய்ப் பல், புகையிலைக் கறையோடு. பையனின் பற்கள் எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன.

பையன் கையிலிருந்த டிஃபன் டப்பாவில் துப்பினான். டப்பா ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது.

"துப்பினா மறுபடி வருது சார்" என்றான் அவசரமாக. "உள்ளருந்து வருது. முழுங்குனா இன்னும் வே..." அதற்குள் வாய் நிறைந்துவிட்டது. மூடிக்கொண்டான்.

மரியா இதைப் பார்த்துவிட்டாள். "சார், ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க. அதோ அந்த சர்வீஸ் ரோட்ல எறங்குனா ஒண்ணு இருக்குது. டிரைவர் என் பேச்சக் கேக்க மாட்டேங்கறான், சார் சொல்லணுமாம்."

சந்திரசேகரன் வாயை இறுக மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் கேட்பார். யார் தின்னச் சொன்னது என்று கேட்பார். சார்தான் முதலில் தின்றார் என்று ஒன்பதாம் வகுப்பு முழுவதும் சொல்லும்.

"நீங்களும் தானா?" என்றாள் மரியா. அவள் முகம் சுருங்கியது. மேடத்துக்குப் போன் போட்டாள், படபடவென்று என்னவோ சொன்னாள், பிறகு போனை அவர் காதில் வைத்தாள். "உங்களத்தான் கேக்கறாங்க. சொல்லுங்க."

"சார், வீடியோ பாத்தேன்! அந்தக் கண்ணீர் இருக்கே, அப்பப்பா. நாளைக்கே ஆர்டர் டைப் பண்ணச் சொல்லிட்டேன். மிஸ் என்னமோ பயந்துக்கறாங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

ஒரே ஒரு தடவை துப்பியிருந்தால் பேசியிருக்கலாம்.

"ம்" என்றார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?"

"ம்ம்."

இடதுபக்கம் ஆஸ்பத்திரியின் பச்சைப் போர்டு வந்தது. நின்றது. சிக்னல் விழுந்தது. போர்டு பின்னால் போனது. மரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து, முன்னால் போய் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

பொம்மனஹள்ளி. ஃப்ளைஓவர். ஹெப்பகோடி. டப்பாக்கள் திறந்தன. மூடின. திறந்தன. யாரும் அழவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வரிசை கலையாமல், ஒழுங்காக, கீழே சிந்தாமல் துப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வராத ஒழுங்கு. சாரின் தொண்டைக்குள் ஏதோ அசைந்தது. விரல்போல. உள்ளிருந்து மேலே. இன்னும் மேலே. யாரும் பார்க்காதபோது கர்ச்சீப்பை எடுத்தார். துப்பினார். கண்ணை மூடிக்கொண்டு மடித்தார்.

சந்தாபுராவில் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே அம்மாக்கள் கூடி நின்றிருந்தார்கள். தருணின் அம்மா முதலில் வந்தாள்.

"டப்பா ஏன்டா இவ்ளோ கனம்? சாப்பிடலயா?"

பையன் டப்பாவிலேயே துப்பிவிட்டு, "வீர மண்ணும்மா. கோயில் மாதிரி" என்றான். அதுவரை அவன் சொல்லக் கேட்டிராத பணிவோடு.

அவள் செருப்பைக் கழற்றினாள். பக்கத்தில் நின்றவளும் கழற்றினாள். அப்புறம் எல்லோரும்.

"துன்னாதீங்க!" மரியா பஸ் படியிலிருந்து கத்தினாள். "அக்கா, அது பசங்க வாயிலருந்து வந்தது! எச்சிலு!"

"கொழந்தைங்க வாய்க்கு எச்சில் ஏது மிஸ்?" என்றாள் தருணின் அம்மா, சிரித்துக்கொண்டே. "உங்களுக்கு நம்ம பழக்கம் தெரியாது."

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க! ரேடியோ சார்! வாயத் தொறங்க!"

கையை நீட்டினார்கள். நெற்றியில் இட்டார்கள். வாயில் போட்டுக்கொண்டார்கள். தெருவிளக்கு எரிந்தது. சரக். ஒருத்தி கன்னத்தைத் தடவிக்கொண்டாள். சரக், சரக். இன்னொருத்தி விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். இடுப்பில் இருந்த கைக்குழந்தையின் வாயில் விரலை வைத்தாள்.

மேடம் காரிலிருந்து இறங்கினார். பட்டுப் புடவை, கையில் மாலை. மாலையைச் சாரின் கழுத்தில் போட்டுவிட்டு, "எங்க சார், எனக்கு?" என்றார். செருப்பைக் காரோரம் விட்டுவிட்டு, இடதுகையின் மேல் வலதுகையைக் குவித்து நீட்டினார்.

சந்திரசேகரன் மேடத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்துப் பிரித்தார்.

மேடம் கண்ணை மூடி நெற்றியில் இட்டு, மிச்சத்தை நாக்கில் வைத்துக்கொண்டார்.

"ஈரமா இருக்கே சார். அங்கயே இப்படித்தானா?"

சார் தலையை ஆட்டினார்.

அந்த ஈரம் அவருடைய எச்சில்.