அளக்காத நாற்பது நிமிடம்

"ஏங்க... ஜன்னலை மூடுங்க! சாரல் அடிக்குதில்ல!"

திண்டிவனத்திலிருந்து வானூர் போகும் பஸ். ஐப்பசி மழை. ஜன்னலோரத்தில் இருந்தவன் செல்போனில் மழையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த கலைப்பிரியாவின் மடியிலோ ஆபீஸ் டேப்லெட்.

"ஒரே நிமிஷங்க... ஏரி வருது. அதை எடுத்துக்கினு மூடிடறேன்."

"உங்க ஏரிக்கு நான் குளிக்கணுமா?"

அவன் திரும்பினான். இமையில் மழைத்துளி, கண்ணில் சிரிப்பு... 'திமிரைப் பாரு' என்று நினைத்தாள். அப்புறமும் ஏன் இரண்டு தடவை பார்த்தாள் என்று மட்டும் அவளிடம் கேட்கக்கூடாது!

ஒரு மணி நேரத்தில் அதே கண்கள் வகுப்பறையில்! அவன் அறிவியல் ஆசிரியர் வல்லரசு. அவள், ஆசிரியர்கள் ஸ்மார்ட் போர்டை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மதிப்பிட வந்தவள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போர்டை ஆசிரியர் எத்தனை நிமிடம் தொடுகிறார், பிள்ளைகள் எத்தனை நிமிடம் தொடுகிறார்கள் என்று டேப்லெட்டில் இரண்டு கடிகாரங்களை அழுத்தி அளக்க வேண்டும். அறுபத்திரண்டு பள்ளிகளில் ஒரு விநாடிகூடப் பிசகாதவள்.

நீர்ச் சுழற்சிப் பாடம். திரையில் அந்த மழை... அந்த ஏரி... கூடவே அவள் குரலும், "உங்க ஏரிக்கு நான் குளிக்கணுமா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. அவனோ ஒன்றும் தெரியாதவன் போல, "ஏரித் தண்ணி எப்படி மேகமாவுது? நீ வரைஞ்சு காட்டு, இசைவாணி" என்று ஒதுங்கி நின்றான். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அது. வீடியோவின் மேலேயே அம்புக்குறி போட்டுப் போட்டு விளக்கியது. அவன் முகத்தில்தான் எத்தனை பெருமை!

மணி அடித்தபோதுதான் டேப்லெட்டைப் பார்த்தாள். இரண்டு கடிகாரமும் பூஜ்ஜியம். அவள் அழுத்தவே இல்லை!

"எவ்ளோ மார்க்குங்க மேடம்?"

"சொல்லக்கூடாது சார்." பதற்றத்தில் குரல் கடுகடுத்துவிட்டது.

அவன் முகம் சுருங்கியது. "பஸ்ஸுல நடந்ததுக்குக் கோவம்னா எம்மேல காட்டுங்க. பசங்க மேல வேணாம்."

சாயந்திரம் விழுப்புரம் ஆபீஸில் அதிகாரி சித்ரா மேடம் பறந்தார். "ஜல்தி அனுப்பு பிரியா. காலியா விட்டா பூஜ்ஜியம்னு போயிடும். போர்டைக் கழட்டி வேற ஸ்கூலுக்குக் குடுத்துடுவாங்க. ஏதோ ஒரு நம்பரைப் போடேன்."

போடலாம்தான்... விரல் எழுதியது, அழித்தது... மறுபடி எழுதியது, அழித்தது. அவனுக்காகப் பொய்யா? இல்லை, இசைவாணிக்குப் பூஜ்ஜியமா? இருப்புக் கொள்ளவில்லை அவளுக்கு.

"நான் அளக்கலைங்க மேடம். என் தப்பு. நாளைக்கு வேற ஆளை அனுப்புங்க."

"உனக்கு என்னடி ஆச்சு?" மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். நாளைய பட்டியலில் வேறு ஒருவர் பெயரை எழுதினார்.

மறுநாள் அவளுக்கு வேறு பள்ளி. ஆனால் அதே பஸ். ஜன்னலோர சீட்டைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தாள். ஏறியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"வேற மேடம் வர்றாங்கன்னு போன் வந்துச்சு. எங்க ஸ்கூலு அவ்ளோ பேஜாராப் போச்சுங்களா?"

இனியும் மறைக்க முடியாது.

"நேத்து நான் கடிகாரத்தை அழுத்தவே இல்லைங்க. நாப்பது நிமிஷமும்... உங்களையே பாத்துக்கினு இருந்துட்டேன். மனசுக்குப் பிடிச்சவருக்கு நான் மார்க் போட்டா அது மார்க்கே இல்ல. அதான், வரலைன்னு சொல்லிட்டேன்."

மழை பிடித்துக்கொண்டது. அவன் எழுந்து வந்து, அவள் விட்டுவைத்த சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலை இழுத்து மூடினான்.

"வீடியோவுல உங்க குரலை வெட்டிடலாம்னுதான் நெனைச்சேன்... மனசு வரலைங்க. நீங்க யாருன்னுகூட அப்போ தெரியாது."

கலைப்பிரியா டேப்லெட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஏரி வருதுங்க... ஜன்னலைத் திறங்க."