உறைகடலில் மாமியாரைத் தேடி

“வையுங்கள் எலுமிச்சம்பழத்தை!” என்று முழங்கினார் பேராசிரியர் குலசேகரநாதன்.

அண்டார்க்டிகாவில் இப்படி ஒரு கட்டளை அதற்கு முன் பிறந்ததாகத் தெரியவில்லை. கற்பூரம் காற்றில் பற்றவே இல்லை. அது மானசீகமாக எரிந்துவிட்டதாகப் பேராசிரியர் அறிவித்தார். பனிவண்டி ஓட்டும் பொன்னுரங்கம், முகாம் சமையலறையிலிருந்து தானே எடுத்து வந்த பழங்களை வண்டியின் ரப்பர் பட்டைக்கு முன்னால் பயபக்தியோடு வைத்தார். உறைகுளிரில் கிடந்த பழங்கள். கருங்கல்லும் அவற்றைப் பார்த்து வெட்கப்படும்.

மூன்றாவது நபர் ஒரு பெண், டாக்டர் ரெக்ஸ்லின், நாகர்கோவில்காரர், கடல்நாய் ஆய்வாளர். வயது நாற்பத்து நான்கு. எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச காலமாகவே அவர் அப்படித்தான் நிற்கிறார்.

அவர்கள் தேடிப் போனது ஒரு கிழட்டுக் கடல்நாயை. குட்டியாக இருந்தபோதே பின்துடுப்பில் எண் வில்லை மாட்டப்பட்டதால் அதன் வயது எல்லோருக்கும் தெரியும். மனிதக் கணக்கில் பார்த்தால் பென்ஷன் வாங்கிப் பல காலம் ஆகியிருக்கும். யார் பக்கத்தில் போனாலும் கத்துவதால் பொன்னுரங்கம் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார். இளம் தாய்க்குக் குட்டி வளர்க்கத் தெரியாது. நடுவயதுத் தாயின் குட்டி நன்றாகக் கொழுக்கும். கிழத்தாய் பல வருடம் ஈனுவதே இல்லை, ஈன்றாலும் குட்டி நோஞ்சான். ஆய்வு சொல்வது இவ்வளவுதான். ஆனால் இந்த ஆண்டு மாமியார் வயிற்றோடு திரிந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். பேராசிரியர் உடனே பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்துவிட்டார், குட்டி பிறந்தது உட்பட. ‘தாய்மைக்கு வயதில்லை’ என்று ஒரு துணிப் பதாகையும் தயார். மறுநாள் கப்பல் கிளம்பிவிடும். இன்றைக்குப் பார்த்தால்தான் உண்டு.

ரெக்ஸ்லினுக்கும் இன்றைக்குத்தான் கெடு. நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றின் உறைபெட்டியில், இந்தப் பனிக்கண்டத்தைவிடக் குளிரான இடத்தில், அவருடைய கடைசிக் கரு இருந்தது. முந்தையவை எதுவும் தங்கவில்லை. வைத்துப் பார்ப்பதா, போதும் என்பதா? பதிலை இன்றே சொல்ல வேண்டும். “மாமியாரப் பாத்துட்டு சொல்லுதேன்” என்றார் காலையில் தொலைபேசியில்.

“எங்க அம்மையையா? அவ தக்கலைல இல்லா இருக்கா!” என்றார் கணவர் தேவசிங்.

பேராசிரியர் கையை உயர்த்தினார். “புறப்படு!”

வண்டி ஏறியது. ஊரில் நசுங்கும் பழம் இங்கே நசுங்கவில்லை. ஒன்று துள்ளிப் பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. டமார்! பட்டை கிழிந்து பாம்பு போலப் பனியில் நெளிந்தது.

“திருஷ்டி கழிஞ்சுதுங்க” என்றார் பொன்னுரங்கம், மெல்லிய குரலில்.

“வண்டியே கழிஞ்சுட்டு” என்றார் ரெக்ஸ்லின். “நடங்க!”

தராசை மட்டும் சறுக்குப்பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். குட்டியைத் தூக்கி நிறுக்கும் வலை வண்டியிலேயே கிடந்தது. அது ஒருவர் நினைவிலும் இல்லை. பதாகையை மட்டும் பேராசிரியர் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

வெண்மை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெண்மை. ரெக்ஸ்லினின் விரல்கள் மரத்துப்போயின.

“ஏனுங் மேடம், வெரல ஆட்டீட்டே வாங்க. வலிச்சா பரவால்லீங்க. வலிக்கலைன்னாத்தான் மோசம்” என்றார் பொன்னுரங்கம்.

“வலிக்கல.”

“நில்லுங்க சார்! முன்னால வெடிப்பு!” என்று கத்தினார் பொன்னுரங்கம்.

தலைவர்கள் எச்சரிக்கைக்கு நிற்பதில்லை. பேராசிரியரின் வலது கால் இடுப்புவரை உள்ளே போனது. கீழே கருநீலக் கடல் களக் களக் என்றது.

“படுங்க சார்! கைய விரிங்க!”

“என் பதாகை!”

“பதாகை கெடக்குதுங்க, கயித்தப் புடிங்க!”

இருவரும் சறுக்குப்பலகைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பேராசிரியர் வந்தார். அவருடைய ஒரு பூட்ஸ் அறிவியலுக்கு அர்ப்பணம் ஆனது. ரெக்ஸ்லின் தன் மாற்றுக் கம்பளிக் காலுறையைக் கொடுத்தார். பொன்னுரங்கம் அதன்மேல் ஒரு சாக்குப்பையைக் கட்டிவிட்டார். அப்போதுதான் வெடிப்பின் அந்தப் பக்கமிருந்து ஒரு கத்தல் கேட்டது.

மாமியார்!

வெடிப்பைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பனித்திட்டின் மறைவில் கிடந்தது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி, பாலை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

“சொன்னேன் அல்லவா!” என்று துள்ளினார் பேராசிரியர், ஒற்றை பூட்ஸில். “நிறுங்கள்! வலை எங்கே?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேர் பதாகையைப் பார்த்தார்கள்.

“முடியாது! அது மேடைக்கு...”

“காத்து திரும்புதுங்க சார். இனி கொஞ்ச நேரத்துல கைய நீட்டுனா கை தெரியாது. கொடுங்க!”

பொன்னுரங்கம் சாக்குப்பைக் காலோடு பேராசிரியரை மாமியாரின் எதிரே நிறுத்தினார், கவனத்தைத் திருப்ப. அந்த வேலையை அவர் மிகச் சிறப்பாகச் செய்தார். மாமியார் பல்லைக் காட்டிக் கத்தியது. அவரும் கத்தினார். அதற்குள் குட்டி பதாகையில் உருட்டப்பட்டுத் தராசுக் கொக்கியில் தொங்கியது.

தூளி. ரெக்ஸ்லின் அதன் ஒரு முனையைப் பிடித்திருந்தார். ‘வயதில்லை’ என்ற எழுத்துகளின் மேல் குட்டி மஞ்சளாகக் கழிந்தது.

“எவ்வளவு?”

“இருக்க வேண்டியதுல முக்கால்வாசி.”

“கொஞ்சம் கூட்டிப் போடலாமே அம்மா? ஒரு நல்ல செய்திதானே?”

ரெக்ஸ்லின் தாயைப் பார்த்தார். தோலுக்கடியில் இடுப்பெலும்பு துருத்தியது. பால் கொடுக்கும் காலத்தில் அது எதுவும் தின்பதில்லை. இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டது. கொடுத்தும் முக்கால்தான். அதன் மேல் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

“கூட்ட வேண்டாம் சார். அதுக்க முழுசும் இவ்வளவுதான்.”

குட்டியைத் தாயிடம் விட்டார்கள். அது நேராகப் பாலுக்குப் போனது. எடைத் தகவல் அதற்குத் தெரியாது.

புயலுக்கு முன்னே ஓடி, விழுந்து, ஒருவரையொருவர் இழுத்து, முகாமை அடைந்தார்கள். வெற்றி! கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் பதாகையை விரித்தார். அதன் நாற்றத்தில் கைதட்டல் பாதியில் நின்றது.

ரெக்ஸ்லின் தொலைபேசியருகே உட்கார்ந்தார். பொன்னுரங்கம் ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து அவருடைய ஒரு கையை அதில் அமிழ்த்திவிட்டுப் போனார்.

“குட்டி இருக்கா?” என்றார் தேவசிங்.

“இருக்கு. நோஞ்சான். பொழைக்கலாம், பொழைக்காமயும் போலாம்.”

“அப்போ நாம?”

“போதும்ங்க. நம்மட்ட இருந்தத எல்லாம் குடுத்தாச்சு. நிறுத்திக்கிடுவோம்.”

“சரி பிள்ள. நீ வா” என்றார் தேவசிங். “வந்தா போதும்.”

தண்ணீருக்குள் விரல்கள் சுருக்கென்றன. பிறகு நெருப்பாய் எரிந்தன. ரெக்ஸ்லின் வாய்விட்டு அழுதார்.

“என்னங்க மேடம்?” என்று ஓடிவந்தார் பொன்னுரங்கம்.

“வலிக்குது” என்றார் ரெக்ஸ்லின். “நல்லா வலிக்குது.”

பயணத்தின் படிப்பினை என்னவென்று பேராசிரியரைக் கேட்டார்கள். அவர் நீண்ட உரையாற்றினார். முகாம் சமையல்காரர் அதைச் சுருக்கி ஒரு அட்டையில் எழுதிச் சமையலறையில் ஒட்டினார்: ‘எலுமிச்சம்பழம் ரசத்துக்கு மட்டும்.’