வீட்டுப்பேர்க் கட்டம்

மட்டாஞ்சேரியில் துப்பறியும் விஸ்வேஸ்வரனின் அறைக்குள் வந்ததும் சங்கரி ஒரு தாளை மேஜையில் வைத்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. சுக்குக் கிடங்கில் வேலை, அதன் மாடியிலேயே குடியிருப்பு. கணவன் இறந்த துக்கத்தில் மனநல மருத்துவரிடம் போனவளுக்குத் தூக்கத்தை அளக்கும் பட்டை ஒன்றைக் கையில் கட்டியிருந்தார்கள்.

"இதக் காட்டி எம் மக மகாவப் பிடுங்கப் பாக்காரு, எங்கொழுந்தன் பாண்டித்துரை. நான் கிறுக்காம். நாளைக்குக் குழந்தைகள் நலக் குழுவுல விசாரணை. அங்க அவரு குடுத்ததோட நகல்தான் இது. ஆஸ்பத்திரி நர்ஸ் சேவியர்தான் குடுத்திருக்கணும் சார். அவருகிட்டதான் எல்லாத்தையும் சொல்லுவேன்."

உதவியாளர் அம்ருதா எழுந்தே விட்டாள். "இப்பவே போய்ப் பிடிச்சிரலாம் சார்!"

"உட்காரு."

தாள் மலையாளத்தில் இருந்தது. விஸ்வேஸ்வரன் நிதானமாகப் படித்தார். பெயர் இல்லை. ஓர் எண், வயது, மலையாளிகள் முகவரியில் எழுதும் வீட்டுப்பேருக்கான கட்டத்தில் 'சுக்குக் கிடங்கு மாடி', கீழே ஒரு வாரக் கணக்கு. ஞாயிறு இரவுக்கு நேரே, தூக்கம் பூஜ்யம்.

"ஞாயித்துக்கிழமை தூங்கலையா?"

"நல்லாத் தூங்கினேன் சார். பட்டையக் கழட்டி சார்ஜ் போட்டிருந்தேன். காலையில சேவியர் அண்ணன்கிட்டகூடச் சொன்னேன்."

அன்று மாலை கிடங்கு அலுவலகத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார் விஸ்வேஸ்வரன். சங்கரி, பாண்டித்துரை, சேவியர், கிடங்கு மேனேஜர் வெங்கிடாசலம்.

"சேவியர் கொடுக்கலை. அவள் தூங்கினது அவருக்குத் தெரியும். அவர் குடுத்திருந்தா அவள் சொன்னதும் இதுல இருக்கும். பட்டை கழட்டின ராத்திரியைப் பூஜ்யம்னு எழுதினது மிஷின். சேவியர், இந்தப் பட்டைகளை வாங்கிக் கொடுத்தது யாரு?"

"வியாபாரிகள் சங்கம் சாரே. மாசாமாசம் அவங்களுக்கு லிஸ்ட் போகும். ஆஸ்பத்திரியில பேரெல்லாம் வெட்டிட்டுத்தான் அனுப்பும்."

"வீட்டுப்பேரை வெட்டலையே. உங்களுக்கு ஒரே வீட்டுப்பேர்ல ஊர் முழுக்க ஆள் இருக்கும், அதனால யாருக்கும் தோணலை. இவங்க ஊர்ல வீட்டுக்குப் பேர் வைக்கிற வழக்கமே இல்லை. சங்கரி, அந்தக் கட்டத்துல என்ன எழுதச் சொன்ன?"

"காலியா விடக்கூடாதுன்னாங்க. இருக்கிற இடத்தச் சொன்னேன்."

"அந்த மாடியில நீயும் குழந்தையும் மட்டும்தான். கிடங்கைத் தெரிஞ்சவர் படிச்சா ஆள் யாருன்னு புரிஞ்சிரும். சங்கத்துச் செயலாளர் யாரு, வெங்கிடாசலம்?"

மேனேஜரின் முகம் வெளிறியது. "நான்தான். குட்டியோட நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் பாண்டித்துரைகிட்ட குடுத்தேன் சாரே."

"இப்படி நல்லது நினைக்கிறவங்களைக் கண்டாத்தான் பயம்," என்றார் விஸ்வேஸ்வரன். பாண்டித்துரை தலை குனிந்துகொண்டான்.

மறுநாள், அனுமதியின்றிக் கைமாறிய அந்தத் தாளைக் குழு ஏற்கவில்லை. மகா தாயிடமே இருக்கலாம் என்றார்கள். வாசலில் சேவியர் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினார். "பட்டை வேண்டாம். இதையாவது வாங்கிக்கோ சங்கரி. டாக்டரை வந்து பாரு."

சங்கரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணே. அதையும் யாராச்சும் எழுதி வப்பாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் தூங்குறேன்."

அவள் தூங்கி மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அம்ருதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சங்கரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.