நம்பருக்கு மேலே இருந்த வரி

அந்தத் தையல் கடையில் மொத்தமே இரண்டு பேர். துணி வெட்டுவதும் தைப்பதும் அம்மா. அளவு நோட்டைப் பார்த்து உரக்கப் படிப்பது அவளுடைய பத்து வயது மகள். வாண்டு என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்துப் பெயரெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி.

அளவு படிப்பதற்கு அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. முதலில் பெயர், பிறகுதான் எண்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. ஒரு தடவை வாண்டு பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்துத் தொலைத்தாள். பஸ் டிரைவருக்குத் தைத்த பேன்ட் அவருடைய முழங்காலோடு நின்றுவிட்டது. நல்ல மனுஷர், "காத்தோட்டமாத்தான் இருக்கு" என்றார். அம்மாதான் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அன்று முதல், எதைக் கொடுத்தாலும் வாண்டு முதல் வரியிலிருந்துதான் படிப்பாள்.

அன்று பள்ளிக்கு விடுமுறை. ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நர்ஸ் சட்டைகள் மறுநாளே கொடுத்தாக வேண்டும். அம்மா தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள்.

"வணக்கம்மா. பேங்க்லேருந்து பேசறேன். இன்னும் பத்து நிமிஷத்துல உங்க கார்டு முடங்கிடும். பணம் உள்ளேயே மாட்டிக்கும்."

அம்மா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். அது இன்று நேற்றுச் சேர்த்த பணம் இல்லை. ஆறு வருடமாக, வாடகை போக மிஞ்சியதை வாராவாரம் போட்டுவைத்தது. வாண்டு பெரிய படிப்புப் படிப்பதற்கு. கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனாலும் அம்மா யார் கையையும் எதிர்பார்க்காமல் இருப்பதற்கு.

"என்ன சார் பண்ணணும்?"

"பதறாதீங்கம்மா, நான் இருக்கேன்ல. கார்டுல இருக்கற நம்பரை மட்டும் சொல்லுங்க."

அம்மா நாள் முழுக்க எண்களோடு கிடக்கிறவள். யாராவது எண் கேட்டால் அவள் வாய் தானாகவே சொல்லிவிடும். கார்டை எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் என்று இருந்த எல்லா எண்களையும் சட்டை அளவு சொல்வதுபோல மடமடவென்று ஒப்பித்துவிட்டாள்.

"இப்ப உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல ஆறு நம்பர் இருக்கும். அதையும் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது." குரலில் தேன் ஒழுகியது.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். பதற்றத்தில் கிடைக்கவில்லை. "நீ படிடி" என்றாள்.

வாண்டு போனை எடுத்தாள். ஆறு எண்களும் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் அவள் கண் பழக்கதோஷத்தில் மேல் வரிக்குப் போனது. படித்தாள். நம்பாமல் இன்னொரு தரம் படித்தாள்.

"பாப்பா, நம்பர் வந்துச்சா?"

"வந்துச்சு சார். அதுக்கு மேல ஏதோ எழுதியிருக்கு. அதையும் படிக்கட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். வெறும் நம்பர் போதும்."

"எங்க கடையில வெறும் நம்பர் படிக்கமாட்டோம் சார். ஒருதடவை படிச்சு, டிரைவர் பேன்ட் குட்டையாயிடுச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து தேனெல்லாம் வற்றிப்போன குரல் வந்தது. "விளையாடறியா? பணம் போச்சுன்னா நீதான் காரணம். சொல்லு சீக்கிரம்."

அவர் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? அம்மாவின் ஆறு வருடம் தன்னால் போய்விட்டால்? வாண்டுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. இருந்தாலும் எண்ணைச் சொல்லவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"முதல்ல மேல இருக்கறதைக் கேளும்மா. 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கான எண் இது. வங்கி ஊழியர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.'"

கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. எட்டிப் போனை வாங்கிப் பேச்சைத் துண்டித்தாள். "கடையைச் சாத்து" என்றாள்.

வங்கி அடுத்த தெருவில்தான். அங்கிருந்த அதிகாரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டினார். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"கார்டு நம்பரைக் குடுத்துட்டீங்க. மெசேஜ்ல வந்ததைக் குடுத்தீங்களா?"

"இல்ல மேடம். இவ குடுக்கல."

"அப்ப உங்க பணம் அப்படியே இருக்கு. பழைய கார்டை நிறுத்திட்டேன். வேற தரேன்."

அம்மா மூச்சை விட்டாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியம் மேடம்."

"எனக்கு எதுக்கும்மா? இதோ நிக்கறாளே, இவளுக்குச் சொல்லுங்க."

அம்மா வாண்டைக் கொஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். நன்றி மட்டும் சொன்னதே இல்லை. இப்போது அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிடி கண்ணு. நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்."

வாண்டுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "சரி விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

புதுக் கார்டு வந்தது. அதற்கு ரகசிய எண் போட மூலையில் ஒரு இயந்திரம். அம்மா அதன் முன்னால் போய் நின்றாள். வாண்டும் வழக்கம்போல ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அம்மா ஒரு கையால் பொத்தான்களை மறைத்துக்கொண்டாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நீயும் அந்தப் பக்கம் திரும்பிக்கோடி."

வாண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளுக்கு வாயெல்லாம் பல்.