காணாமல் போன கையுறைப் படம்

டோவா எதையும் அழிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அமெரிக்காவின் டுலூத் நகரத்துப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பில் அன்று இதை நம்ப ஓர் ஆள்கூட இல்லை.

அந்த வகுப்பில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டோவாவின் குழுவில் காஸ்பரும் பிரிசில்லாவும் இருந்தார்கள். பனியில் தொலைந்துபோன ஒற்றைக் கையுறையை ஒரு துப்பறிவாளன் தேடி அலைவதுதான் கதை. காஸ்பர் தன் அப்பாவின் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அடிக்கொரு முறை தடுக்கி விழுந்து, துப்பறிவாளனாக நடித்தான். பிரிசில்லா இயக்குநர். எடிட்டிங் டோவாவின் தலையில் விழுந்தது. மற்ற இருவரும் அந்த மென்பொருளைத் தொடவே பயந்தார்கள்.

பயப்படாமல் என்ன செய்வார்கள்? போனில் வீடியோவை வெட்டி ஒட்டுவது டோவாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பள்ளியில் புதிதாகப் போட்டிருந்த இந்த மென்பொருளைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் பொத்தான்கள். முதல் நாள் ஒரே ஒரு கிளிப்பை வெட்டினாள். பின்னால் இருந்த அத்தனை கிளிப்புகளும் முன்னால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. மறுநாள் காஸ்பரின் குரல் மட்டும் எங்கோ போய்விட்டது. பாவம், அவன் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"இதைச் செஞ்சவங்க இதை ஒரு தடவையாவது தொட்டுப் பாத்திருப்பாங்களா?" என்று டோவா கணினியைப் பார்த்துக் கேட்டாள்.

கணினி பதில் சொல்லவில்லை. டோவா திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டாள். மதிய இடைவேளையில் மற்றவர்கள் மைதானத்துக்கு ஓடியபோது, அவள் மட்டும் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். கடைசியில் மென்பொருள் அவள் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. காஸ்பர் பனிக்குவியலில் தலைகுப்புற விழும் காட்சியை அவள் வெட்டியிருந்த விதத்தைப் பார்த்து, காஸ்பரே விழுந்து விழுந்து சிரித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை படத்தைத் திறந்தார்கள். திரை முழுவதும் சிவப்பாக இருந்தது. பனியையும் காணோம், காஸ்பரையும் காணோம். எந்தக் கிளிப்பைத் தொட்டாலும் சிவப்புப் பலகையில் ஒரே வாசகம்தான்: 'கோப்பைக் காணவில்லை.'

"போச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டா" என்றாள் பிரிசில்லா. மெதுவாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. வகுப்பின் கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னாள்.

"நான் எதையும் அழிக்கல" என்றாள் டோவா.

"பின்ன யாரு? உன்னைத் தவிர வேற யாரு இதைத் தொடுறாங்க?"

பின் வரிசையிலிருந்து யாரோ "பால்காரி வேலை" என்றார்கள். வகுப்பே சிரித்தது. அக்டோபர் மாதத்தில் டோவா ஒரு விசைப்பலகையின்மேல் சாக்லேட் பாலைக் கொட்டியிருந்தாள். அதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று, துடைத்தும் ஆயிற்று. ஆனாலும் அதன் பிறகு அந்தப் பள்ளியில் எது உடைந்தாலும் எல்லோருடைய கண்ணும் அவள் பக்கம்தான் திரும்பும். இது என்ன நியாயம் என்று எனக்கும் புரியவில்லை.

நிலைமையும் மோசமாகத்தான் இருந்தது. காஸ்பர், படம் பிடித்த தன் போனில் இடம் இல்லையென்று வீடியோக்களை எப்போதோ நீக்கியிருந்தான். திரும்ப எடுக்கலாம் என்றால், மார்ச் மாதத்துப் பனி உருகி மைதானம் சேறாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை மாலை படங்களைப் பார்க்க எல்லாப் பெற்றோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஓக்கர்லண்ட் டீச்சர் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இருக்கிற சில போட்டோக்களை வைத்து ஏதாவது செய்யுங்கள் என்றார். பிறகு டோவாவிடம், "நீ கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. இனிமே பிரிசில்லா பாத்துக்கட்டும்" என்றார். என்ன நடந்தது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரிசில்லா முதல் வேலையாகப் படத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். 'எடிட்டிங்: டோவா லிண்ட்க்விஸ்ட்' என்று அங்கே இருந்தது. டோவாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டுத் தன் பெயரைத் தட்டினாள்.

கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது டோவா, வெட்டி ஒட்டியது டோவா. இப்போது பெயர் பிரிசில்லாவுக்கு, பழி மட்டும் அவளுக்கு. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவள் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திய குத்தில் அப்பா தன் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தின் நடுவில்தான் அவளுக்கு ஒன்று உறைத்தது. படத்திலிருந்த எழுத்துகள் அழியவில்லையே. பிரிசில்லாவால் டோவாவின் பெயரை அழிக்க முடிந்தது என்றால் அந்தப் பெயர் அங்கே பத்திரமாக இருந்தது என்றுதானே அர்த்தம்? அவள் வெட்டிய இடங்களும் வெட்டியபடியே இருந்தன. பனியையும் காஸ்பரையும் மட்டும்தான் காணோம்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவள் தன் சாண்ட்விச்சைப் போனில் படம் பிடித்தாள். அந்த வீடியோவைக் கணினியில் ஏற்றி, மென்பொருளில் புதிதாக ஒரு படம் தொடங்கி, அதில் சேர்த்தாள். சாண்ட்விச் ஒழுங்காகத் தெரிந்தது. பிறகு வீடியோவை வேறொரு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, மறுபடி வந்து பார்த்தாள்.

திரை சிவப்பாக இருந்தது. 'கோப்பைக் காணவில்லை.'

வீடியோவைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். சாண்ட்விச் திரும்பி வந்தது.

அப்படியென்றால் இந்த மென்பொருள் எந்த வீடியோவையும் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. நாம் வீடு மாறியது தெரியாமல் தபால்காரர் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருப்பார் அல்லவா, அதே கதைதான். வீடியோக்கள் சாகவில்லை. யாரோ அவற்றை வீடு மாற்றியிருக்கிறார்கள்.

டோவா கணினி முழுவதும் தேடினாள். 'எங்கள் படம் – ஒழுங்கானது' என்று ஒரு புதிய ஃபோல்டர் இருந்தது. உள்ளே எல்லா வீடியோக்களும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயரோடு: 'பனி, அழகு', 'பனி, இன்னும் அழகு', 'காஸ்பர் விழுகிறான்', 'காஸ்பர் மறுபடி விழுகிறான்'.

அந்த வகுப்பில் ரப்பருக்குக்கூடப் பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்கிற ஆள் ஒருத்திதான். பிரிசில்லா.

டோவாவின் காது சூடாகிவிட்டது. உணவுக்கூடத்துக்கு ஓடிப்போய், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொல்லலாம். நியாயமாகப் பார்த்தால் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். கதவுவரை போயும்விட்டாள். ஆனால் அங்கே நின்றதும் ஒரு யோசனை வந்தது. பிரிசில்லா வேண்டுமென்று செய்யவில்லை. தான்தான் செய்தோம் என்று அவளுக்கு இன்னமும் தெரியாது.

அதனால் உணவுக்கூடத்தில் பிரிசில்லா உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய், ஒன்று காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லி அழைத்து வந்தாள்.

"இந்த சாண்ட்விச் வீடியோவை வேற ஃபோல்டருக்கு மாத்து" என்றாள்.

"எதுக்கு?"

"மாத்துடி, சொல்றேன்."

பிரிசில்லா மாற்றினாள். திரை சிவப்பானது. அவள் திரையையே பார்த்தாள். பிறகு டோவா திறந்து வைத்திருந்த ஃபோல்டரைப் பார்த்தாள்.

"நான் திங்கக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் அடுக்கி வச்சேன்" என்றாள். "பேரெல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சு. உனக்கு உதவியா இருக்கும்னு நெனச்சுத்தான்..."

"இருந்துச்சே, ரொம்ப உதவியா."

"யார்கிட்டயும் சொல்லிடாத, டோவா."

"சொல்ல மாட்டேன். எல்லாரும் கேக்கற மாதிரி என்மேல பழி போட்டது நீ. அதே மாதிரி எல்லாரும் கேக்க நீயே சொல்லணும்."

டோவா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வீடியோக்களின் பெயர்களும் மாறிவிட்டதால் மென்பொருளால் தானாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக அதன் புது வீட்டைக் காட்ட வேண்டியிருந்தது. பிரிசில்லா பெயரைப் படிக்க, டோவா அழுத்த, ஒவ்வொரு சிவப்புப் பலகையாக மறைந்தது. ஓர் இடத்தில் 'காஸ்பர் விழுகிறான்' வரவேண்டிய இடத்தில் 'காஸ்பர் மறுபடி விழுகிறான்' வந்து உட்கார்ந்தது. இரண்டு பேரும் தங்களை மறந்து சிரித்தார்கள். உடனே தான் கோபமாக இருப்பது நினைவுக்கு வந்து, டோவா முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

வகுப்பு தொடங்கியது. திரையில் பனி கொட்டியது. ஓக்கர்லண்ட் டீச்சர் கைதட்டினார்.

"படத்தை மீட்டுட்டியா, பிரிசில்லா? எனக்குத் தெரியும், உன்கிட்ட குடுத்தா ஆகும்னு."

டோவா மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிரிசில்லா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் போதும், பாராட்டு அவளுக்கே. டோவா பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தோமே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிரிசில்லா எழுந்து நின்றாள்.

"படத்தைத் தொலைச்சது நான்தான், டீச்சர். அடுக்கி வைக்கிறேன்னு இடம் மாத்திட்டேன். கண்டுபிடிச்சது டோவா. அவ எதையும் அழிக்கல."

கடைசி வரிசைவரை கேட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் டோவாவின் மேசைக்கு வந்து குனிந்து, "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்மேல" என்றார்.

"ஆமா டீச்சர்" என்றாள் டோவா. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை மாலை பாப்கார்ன் வாசனையோடு கூடம் நிரம்பி வழிந்தது. காஸ்பர் பனிக்குவியலில் தலைகுப்புற விழுந்தபோது அவனுடைய அம்மா சிரித்த சிரிப்பில் முன்வரிசை நாற்காலிகள் ஆடின. படம் முடிந்து பெயர்கள் வந்தன. கடைசிப் பக்கத்தைச் சரிசெய்தது பிரிசில்லா. எழுத்தின் அளவை எங்கே மாற்றுவது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அதனால் 'எடிட்டிங்: டோவா லிண்ட்க்விஸ்ட்' என்பது கொட்டை எழுத்தில் திரையை அடைத்துக்கொண்டு, காஸ்பரின் தலையையும் மறைத்துக்கொண்டு நின்றது.

அது தப்பான அளவு என்று டோவாவுக்கு முந்தைய நாளே தெரியும். ஒரே ஒரு பொத்தானில் சின்னதாக்கியிருக்கலாம். பொத்தான்வரை விரலைக் கொண்டுபோய்விட்டு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.